பைப்பு வேர்த்தால் போதுமா?



மேடை ஏறும்போதே ஒரு சத்தம் என் காதில் விழுந்தது. உங்களுக்குக் கேட்டிருக்காது. இந்தப் பின்சுவருக்கு அந்தப் பக்கம், ஏ.சி. பிளான்ட் அறையில், காற்றைத் தள்ளுகிற ஃபேனின் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. வரவேற்புரையில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். நான் பாதியைக் கேட்கவில்லை, பெல்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும். மெக்கானிக் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகியும் அது காதை விட்டுப் போகவில்லை.

நான் பார்த்த முதல் பட்டமளிப்பு விழாவும் இப்படி ஒரு சுவருக்குப் பின்னால் இருந்து பார்த்ததுதான். 1999-ஆம் ஆண்டு. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவை முடித்துவிட்டு மதுரையில் ஒரு கடையில் ஹெல்பராகச் சேர்ந்த புதிது. ஒரு கல்லூரியில் விழா, நல்ல வெயில், கம்ப்ரஸர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிரிப் ஆகிறது. எங்கள் மெக்கானிக் அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, “டேய், ஒரு வாளியும் சொம்பும் வாங்கியா. விழா முடியிற வரைக்கும் கண்டென்சர் மேல தண்ணி ஊத்திக்கிட்டே இரு” என்றார். இரண்டரை மணி நேரம் ஊற்றினேன். கதவு இடுக்கு வழியாகக் கறுப்பு அங்கிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் வேர்க்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்கிற உள்ளுறை வெப்பம். அந்த வார்த்தையை நான் வகுப்பில் கேட்பதற்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது.

இன்று எரிசக்தி, சுற்றுச்சூழல் பிரிவில் பட்டம் வாங்குகிறவர்களில் சிலர் ஐ.டி.ஐ. வழியாக, பாலிடெக்னிக் வழியாக வந்தவர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். ஒரு தம்பி மோட்டார் காயில் கட்டியவராம். ஒரு தங்கை சாயப்பட்டறையில் சுத்திகரிப்பு பிளான்ட் ஓட்டியவராம். அதனால்தான் அதே வழியில் வந்து இப்போது எரிசக்தித் தணிக்கை செய்கிற என்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் அறிவுரை சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை. கையில் ஸ்பேனர் வைத்திருந்தவன் ஏன் புத்தகத்தைத் தூக்கினான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அண்ணனிடம் அழுத்தம் பார்க்கிற கேஜ் இருந்தது. ஆனால் அவர் அதை அதிகம் நம்பமாட்டார். வாயுவை ஏற்றிக்கொண்டே, கம்ப்ரஸருக்குத் திரும்பி வருகிற தடித்த செப்புக் குழாயைப் பிடித்துப் பார்ப்பார். குழாய் மேல் முத்து முத்தாக நீர் கோத்ததும், “பைப்பு வேர்த்திருச்சு, போதும்டா” என்பார். சிலிண்டரை மூடுவோம். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அது சரியாகவே இருக்கும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வருடத்தில் கையை வைத்தாலே வாயு குறைவா, கூடுதலா, கேபிலரிக் குழாயில் அடைப்பா என்று சொல்ல வந்துவிட்டது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இப்போதும் உண்டு.

ஒரு தடவை ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனோம். நாலு அறை ஏ.சி. வாயு ஏற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பைப்பு வேர்த்துக் கொட்டியது. மூடிவிட்டு வந்தோம். மறுநாளே போன்: “அறை குளிரவே இல்லீங்க.” திரும்பப் போய்ப் பார்த்தால் நாலிலும் வாயு குறைவு. அண்ணன், “கடக்கரைக் காத்து அப்படித்தான்டா” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் ‘அப்படித்தான்’ என்றால் எப்படி? அதை அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது.

பதில் பனிநிலை. காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து எந்த வெப்பநிலையில் அது நீராகக் கோக்கும் என்பது மாறும். கடற்கரையில் 25 டிகிரியிலேயே கோத்துவிடும். வறண்ட ஊரில் குழாய் இன்னும் நன்றாகக் குளிர வேண்டும். அதாவது பைப்பு வேர்ப்பது உள்ளே ஓடுகிற வாயுவைப் பற்றி ஒரு பாதியும், வெளியே இருக்கிற காற்றைப் பற்றி ஒரு பாதியும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே செய்தியாக நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். மதுரையில் ஓடின கணக்கு ராமேஸ்வரத்தில் ஓடவில்லை.

இது சின்ன விஷயம்தான். போன் வரும், திரும்பப் போவோம், சரிசெய்வோம். தப்பு செய்தால் தப்பு நம்மிடமே திரும்பி வருகிற தொழில் அது. திரும்பி வராத தப்பும் ஒன்று இருந்தது.

2006-ஆம் ஆண்டு. ஒரு வீட்டு மொட்டைமாடியில் பழைய ஏ.சி.யைக் கழற்றுகிறேன். கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும். உள்ளே இருக்கிற வாயுவை என்ன செய்வது? எங்கள் கடையில் அதைத் திரும்பப் பிடிக்கிற இயந்திரம் கிடையாது. இன்றும் பல கடைகளில் கிடையாது. நட்டைத் தளர்த்தினேன். ‘புஸ்ஸ்’ என்று ஒரு நிமிடம். காய்ந்துகொண்டிருந்த துணியை எடுக்க வந்த அந்த வீட்டுப் பெண், ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை, நின்று பார்த்துவிட்டுக் கேட்டது: “அண்ணே, இதுதான் ஓசோன்ல ஓட்டை போடுற கேஸா?”

நான் சிரித்தேன். “அது வேற கேஸும்மா” என்றேன். எனக்குத் தெரியாது; சும்மா சொன்னேன். அந்தப் பிள்ளை போன பிறகு, புதிதாக ஏற்ற எடுத்துவந்த வெளிர்பச்சை சிலிண்டரைத் திருப்பி அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். ஏழு வருடமாகத் தோளில் தூக்கிய சிலிண்டர். அன்றுதான் முதல் தடவையாக லேபிளைப் படிக்கிறேன். குளோரோ டை ஃபுளூரோ மீத்தேன். ஆர்-22 என்று நாங்கள் கூப்பிட்ட வாயுவின் முழுப்பெயர் அதுதான்.

இதில் வெட்கப்பட வேண்டியது எது என்றால், ஓசோன் பாடத்தை நானும் பள்ளிக்கூடத்தில் படித்து ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன். குளோரின், புற ஊதாக் கதிர், எல்லாம் மனப்பாடம். ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததும் வாயு ஏற்றக் கற்றுக்கொண்டேன். இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்குப் படவே இல்லை. பரீட்சை ஓசோன் ஓர் உலகத்திலும், சிலிண்டர் வேறு உலகத்திலும் இருந்தன. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு அப்படி நடக்கவில்லை என்றால் உங்கள் ஆசிரியர்கள் புண்ணியவான்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் பாதி சரி என்பது பின்னால்தான் தெரிந்தது. ஓசோனைப் பெரிதாக அரித்தவை பழைய ஃபிரிட்ஜில் இருந்த ஆர்-12 போன்றவை. 1974-இல் மொலீனாவும் ரோலண்டும் இதை எச்சரித்தார்கள். 1985-இல் அன்டார்டிகா மேலே ஓசோன் மெலிந்து கிடப்பதை மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-22 ஓசோனுக்குச் செய்கிற கெடுதல் அவற்றைவிடக் குறைவுதான். ஆனால் அது வேறொரு வேலை செய்கிறது: பூமியைப் போர்த்திச் சூடாக்குகிறது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

பின்னால் கல்லூரிக்குப் போய், முதல் தடவை இந்த எண்ணைப் பார்த்த அன்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. என் பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர். அப்படியென்றால் மொட்டைமாடியில் ஒரு நிமிடம் ‘புஸ்ஸ்’ என்று விட்ட ஒரு கிலோ வாயு, அந்த பைக்கில் 39,000 கிலோமீட்டர் போனதற்குச் சமம். பூமியைச் சுற்றி வர 40,000. எத்தனை தடவை சுற்றியிருப்பேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் முடித்தவர் வீரபத்ரன் ராமநாதன். படித்துவிட்டு செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. நாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலை. பிறகு பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1975-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்: அதே குளிர்பதன வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று. அதுவரை புவி வெப்பம் என்றால் கரியமில வாயு என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கசிவைத் தேடின ஆள்தான் கசிந்தது எங்கே போய் என்ன செய்கிறது என்பதையும் கண்டுபிடித்தார். நான் கசிவை அடைத்துவிட்டுப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அளவுக்கு நான் வந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அவரைப் பற்றிப் படித்த அன்று, நான் செய்தது ஒன்றும் கீழான வேலை இல்லை, பாதியில் நின்ற வேலை என்று மட்டும் தோன்றியது.

அந்த லேபிளைப் படித்த மறு வருடம், 2007-இல், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். பிறகு காரைக்குடி கலந்தாய்வுக்குப் போய், பி.இ. இரண்டாம் ஆண்டு. வயது இருபத்தெட்டு. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பையன்கள் எல்லாரும் எழுந்து “குட் மார்னிங் சார்” என்றார்கள். நானும் உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லியே கிண்டல்.

வெப்ப இயக்கவியல் வகுப்பு எனக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது. பேராசிரியர் பலகையில் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரு படம் வரைந்து, அதில் நாலு மூலை கொண்ட ஒரு வடிவத்தைப் போட்டார். ஒன்றிலிருந்து இரண்டு கம்ப்ரஸர், இரண்டிலிருந்து மூன்று கண்டென்சர் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த நாலு மூலையிலும் நான் கை வைத்திருக்கிறேன். இரண்டாவது மூலையில் விரல் சுட்டுக் கொப்புளம் போட்டிருக்கிறது. நாலாவது மூலையில் பனி கட்டியிருப்பதைச் சுரண்டியிருக்கிறேன். எட்டு வருடம் இருட்டில் நடந்த வீட்டில் யாரோ லைட்டைப் போட்ட மாதிரி இருந்தது.

கணிதம் அப்படி இல்லை. நேராக இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்கள் முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே மூன்றாம் பருவக் கணிதத்தில் விழுவார்கள். இங்கே அப்படி வந்த தம்பிகள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. தொகையீட்டுக் குறியைப் பார்த்தால் கேபிலரியை யாரோ தப்பாக வளைத்துவிட்ட மாதிரி எனக்குத் தெரியும். ஃபூரியே தொடர் என்று ஒன்று. இரண்டு அரியர் வைத்தேன். ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள், தலையாட்டுகிறேன், ஒன்றும் ஏறவில்லை. மறுபடி கடைக்கே போய்விடலாமா என்று அண்ணனுக்கு போன்கூடப் பண்ணினேன். “வாடா, சீசன்தான்” என்றார். பாவம், அவருக்கு ஆள் பற்றாக்குறை.

அரியர் தேர்வுக்குப் படிக்கும்போது நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் தற்செயலாகப் பார்த்தேன். ஃபூரியே அந்தத் தொடரை உருவாக்கியது எதற்கு? ஒரு பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்க. 1822-இல் வெப்பத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து, பூமி ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது, காற்று மண்டலம் ஒரு போர்வை போல வேலை செய்கிறதா என்றும் யோசித்திருக்கிறார். அதாவது நான் குழாயில் கறுப்பு ஸ்பான்ஜ் சுற்றுவதற்கும், நான் திறந்துவிட்ட வாயு செய்கிற வேலைக்கும், என்னை அரியர் வைக்கவைத்த பாடத்துக்கும் ஒரே மனிதர் தாத்தா! இதை முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு தேர்வுக் கட்டணமாவது மிச்சமாகியிருக்கும். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். கணிதத்தை எந்தக் கவலையில் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாமல் நடத்துவது, எந்த வீட்டு ஏ.சி. என்று சொல்லாமல் மெக்கானிக்கை அனுப்புவது மாதிரி.

மேற்படிப்பில் எரிசக்திப் பொறியியல் எடுத்தேன். புராஜெக்டுக்கு ஒரு ஜவுளிக்கடை. விதி பாருங்கள், எங்கள் பழைய கடையின் வாடிக்கையாளர். முன்பு போனால் பின்பக்கச் சரக்கு லிஃப்ட். இப்போது அதே காவலாளி பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முன் லிஃப்டைக் காட்டினார். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று ஏன் சொல்லவில்லை என்று இன்றும் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

அந்தக் கடையில் ஒரு குறுகிய சந்து. அதில் மூன்று அவுட்டோர் யூனிட், ஒன்றன் மேல் ஒன்று. ஒவ்வொரு கோடையிலும் மேலே இருப்பது மட்டும் மக்கர் பண்ணும். நானே மூன்று கோடை அதற்கு வாயு ஏற்றியிருக்கிறேன். இந்தத் தடவை கேஜை எடுக்கவில்லை, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். தெருவில் 37 டிகிரி. கீழ் யூனிட்டுக்குள் போகிற காற்று 39. மேல் யூனிட்டுக்குள் போகிற காற்று 48. கீழே இரண்டும் கக்கின சூட்டை அது மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே சூடு கூடக் கூட, கம்ப்ரஸர் அதே குளிரைக் கொடுக்க இன்னும் அதிகம் அழுத்த வேண்டும்; மீட்டர் ஓடும், ஒரு கட்டத்தில் டிரிப் ஆகும். வாயுவில் குறையே இல்லை. யூனிட்டுகளுக்கு இடையில் சாய்வாகத் தகரம் அடித்துச் சூட்டைச் சந்துக்கு வெளியே தள்ளிவிட்டோம். தகரம் அடித்தவர் பக்கத்துத் தெரு ஏர்கூலர் கடைக்காரர். அந்தக் கோடையில் மேல் யூனிட் நிற்கவில்லை.

மூன்று கோடை ஏற்றிய வாயுவுக்கு வாங்கிய காசை நினைத்துப் பார்த்தேன். ஏமாற்ற வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்.

எரிசக்தி, சுற்றுச்சூழல் என்று உங்கள் பட்டத்தில் இரண்டு சொல் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும் என்பதைத் திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நொய்யல் ஆறு கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் நடத்தலாம் என்றானது. சரியான தீர்ப்பு. ஆனால் கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ள மின்சாரம் வேண்டும்; மிச்ச உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைக்கக் கொதிகலன் வேண்டும்; அதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆற்றைக் காப்பாற்றப் புகையைக் கூட்டுகிறோம். அந்தக் கொதிகலனில் நீராவி எங்கே வீணாகிறது என்பது அங்கே ஷிப்டு பார்த்த தங்கைக்குத் தெரியும். எந்தக் குழாயில் கை வைக்க முடியாது, எந்த வால்வு சீறும் என்று தெரியும். அது எத்தனை டன் விறகு என்று கணக்குப் போடத்தான் இந்தப் படிப்பு.

என் பழைய தொழிலிலும் இப்போது அப்படி ஒரு நெருக்கடி. 2016-இல் கிகாலியில் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு ஏற்கப்பட்ட திருத்தத்தின்படி, ஓசோனைக் கெடுக்காது என்று கொண்டுவந்த புதிய வாயுக்களையும் உலகம் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இந்தியாவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆர்-290 என்று ஒன்று வருகிறது. பெயர் புதுசு, பொருள் புரொப்பேன், நம் வீட்டுச் சமையல் வாயுவின் ஒரு பங்காளி. பூமியைச் சூடாக்குவது மிகக் குறைவு. ஆனால் தீப்பற்றும். ஆர்-12 போன்ற வாயுக்களைத் தேடிப் போனதே கசிவுப் பயத்தில்தான்: அந்தக் காலத்து ஃபிரிட்ஜுகளில் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் இருந்தன, கசிந்தால் ஆளைக் கொல்லும். 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஃப்ரியானை, அதாவது ஆர்-12 வாயுவை, நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஆபத்தைத் தீர்த்துவைத்தார். இருபது கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

இப்போது தீப்பற்றுகிற வாயுவோடு மொட்டைமாடிக்கு ஏறப்போகிறவர் யார்? இருபது வயது ஹெல்பர். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று சொன்னது. நல்லது. ஆனால் சான்றிதழ் கையில் இருந்தாலும், கடையில் வேக்கம் பம்ப் இருக்கிறதா, வாயுவைப் பிடிக்கிற இயந்திரம் இருக்கிறதா, அரை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்றால் முதலாளியும் வீட்டுக்காரரும் விடுவார்களா என்பதுதான் கேள்வி. நீங்கள் நாளை வடிவமைக்கப்போகிற எந்தத் திட்டமும் கடைசியில் ஒரு ஃப்ளேர் நட்டை இறுக்குகிற கையில் போய் முடியும். அந்தக் கையை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் படம் வரையுங்கள். கருத்தரங்குக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை, பேசவும் கூப்பிடுங்கள்.

தொழிலிலிருந்து வந்த தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பயோடேட்டாவில் அந்த வருடங்களை மறைக்காதீர்கள். நான் முதல் நேர்முகத் தேர்வில் மறைத்தேன். எட்டு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். “குடும்பச் சூழ்நிலை” என்றேன். வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில், “ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன் சார்” என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “அப்படியா? இந்த ரூம் ஏ.சி. ஏன் தண்ணி ஒழுகுது?” என்று கேட்டார். தண்ணீர் வடிகிற குழாய் எதிர்ச்சாய்வாகப் போயிருந்தது. நாற்காலி போட்டு ஏறிக் காட்டினேன்.

அண்ணன் இன்னும் மதுரையில் கடை வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். இப்போது கேஜோடு ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் குழாயில் மாட்டுகிறார். நான் வாங்கிக் கொடுத்ததுதான். இரண்டையும் பார்த்துவிட்டு, கடைசியில் குழாயைக் கையாலும் ஒரு பிடி பிடித்துப் பார்த்துக்கொள்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

நேரமாகிவிட்டது, முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பட்டம் பெறும் எல்லோருக்கும் வாழ்த்து. அனுப்பி வைத்த வீட்டாருக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து. விழா முடிந்ததும் நான் பிளான்ட் அறைக்குப் போய் அந்த பெல்ட்டைப் பார்க்கப்போகிறேன். இங்கே வேலை பார்க்கும் ஆபரேட்டரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், பதினேழு நம்பர் ஸ்பேனர் இருக்கிறதாம். கூட வருகிறவர்கள் வரலாம். அங்கியைக் கழற்றிவிட்டு வாருங்கள், பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும்.